தங்கத் துகளின் தோல்: நானோ வினையூக்கியின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது?

ஒளி உறிஞ்சலை அளக்கப் பயன்படும் சிறு கண்ணாடிக் கலமான ஒரு குவெட்டில் 3 மில்லி மஞ்சள் கரைசல் இருக்கிறது. 4-நைட்ரோபீனாலும் ஒடுக்கியான சோடியம் போரோஹைட்ரைடும் கலந்த நீர் அது. அப்படியே விட்டால் மணிக்கணக்கில் மஞ்சளாகவே இருக்கும். செந்நிறத் தங்கக் கூழ்மத்தில் 0.1 மில்லி எடுத்து அதில் விட்டால் சில நிமிடங்களில் மஞ்சள் வெளுத்து மறைந்துவிடும். நைட்ரோபீனால் அமினோபீனாலாக ஒடுக்கம் அடைந்துவிட்டது என்று பொருள்.

அதே கூழ்மத்தில் முன்கூட்டியே மெர்கேப்டோபுரோப்பியோனிக் அமிலம் போன்ற, நீரில் கரையும் ஒரு தயாலை (கந்தக முனை கொண்ட கரிமச் சேர்மம்) சிறிது சேர்த்துவிட்டு இதே சோதனையைச் செய்தால் மஞ்சள் போகாது. போனாலும் நெடுநேரம் கழித்தே போகத் தொடங்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டு கூழ்மங்களையும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. துகளின் விட்டம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் ஒன்றுதான். மாறியிருப்பது துகளைச் சுற்றியுள்ள, ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுள்ள தோல் மட்டும்.

நானோ வினையூக்கி என்றாலே "எத்தனை நானோமீட்டர்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அளவு முக்கியம்தான், ஆனால் அது பாதிக் கேள்வி. அந்தப் பரப்பில் இப்போது எது உட்கார்ந்திருக்கிறது, எவ்வளவு இறுக்கமாக, வினைபடும் மூலக்கூறு வந்தால் அது இடம் கொடுக்குமா என்பது மீதிப் பாதி. ஆய்வகத்தில் நாள்கணக்கில் திணற வைப்பது பெரும்பாலும் இந்த மீதிப் பாதிதான்.

முதலில் பரப்பை எண்ணிப் பார்ப்போம். தங்கம், பிளாட்டினம், பல்லேடியம் மூன்றிலும் அணுக்கள் சந்தையில் அடுக்கிய எலுமிச்சம்பழம் போல நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் ஓர் அணுவைச் சுற்றி 12 அணுக்கள். இந்த அடுக்கில் 55 அணுக்கள் கொண்ட முழுமையான கொத்து ஒன்றில் 42 அணுக்கள் வெளியே தெரியும். 147 அணுக் கொத்தில் 92, 561 அணுக் கொத்தில் 252. அதாவது 76 சதவீதம், 63 சதவீதம், 45 சதவீதம். 16 நானோமீட்டர் தங்கத் துகளில் ஒன்றேகால் லட்சம் அணுக்கள் இருந்தாலும் வெளியே இருப்பவை ஏறத்தாழ 8 சதவீதம் மட்டுமே. மற்றதெல்லாம் வினையைப் பொறுத்தவரை உள்ளே முடங்கிக் கிடக்கும் உலோகம்.

வெளியே இருக்கும் அணுக்களும் ஒரே மாதிரி அல்ல. தட்டையான முகத்தின் நடுவில் இருக்கும் அணுவுக்கு 9 அல்லது 8 அண்டை அணுக்கள். விளிம்பில் 7. முனையில் 6 அல்லது 5. அண்டை குறையக் குறைய அந்த அணு வெளியிலிருந்து வரும் மூலக்கூறை இறுக்கமாகப் பிடிக்கும். தட்டையான தங்க முகத்தில் அறை வெப்பநிலையில் கார்பன் மோனாக்சைடு நிற்பதே இல்லை. முனை அணுவில் நிற்கும். பொதுவாக மந்தமான தங்கம் 5 நானோமீட்டருக்குக் கீழே போனதும் வேறு உலோகம் போல நடந்துகொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் பிடிப்பு அதிகமானால் வேகமும் அதிகமாகும் என்று எண்ணிவிடக் கூடாது. மூலக்கூறு வந்து ஒட்ட வேண்டும், உடைய வேண்டும், விளைபொருள் கிளம்பிப் போக வேண்டும். பிடி தளர்வாக இருந்தால் முதல் படி நடக்காது. இறுகினால் கடைசிப் படி நடக்காது. பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியே வகுத்த இந்தக் கொள்கைக்கு நம் கார்களின் புகைபோக்கியில் உள்ள பிளாட்டின வினையூக்கியே நல்ல எடுத்துக்காட்டு. வண்டியைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் பிளாட்டினத்தின் பரப்பு முழுவதையும் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்டிருக்கும். ஆக்ஸிஜன் வந்து உடைய இடம் இருக்காது. சூடு ஏறி கார்பன் மோனாக்சைடு கழன்றால்தான் வினை தொடங்கும். குளிர்ந்த எஞ்சினின் புகை அதிக நச்சாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிறியதே சிறந்தது என்பதும் எல்லா வினைக்கும் பொருந்தாது. அம்மோனியா தயாரிப்பில் ருத்தேனியத்தின் மேல் நைட்ரஜன் உடைவதற்கு, படிக்கட்டு போன்ற விளிம்பில் 5 அணுக்கள் குறிப்பிட்ட விதத்தில் சேர்ந்த இடம் வேண்டும். துகள் மிகச் சிறிதானால் அந்தப் படிக்கட்டே அமையாது.

இனி கூழ்மத்தைத் தயாரிக்கும் இடத்துக்கு வருவோம். தோலின் கதை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சிட்ரேட் முறையை டர்கெவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1951-இல் விரிவாக ஆராய்ந்தார்கள். 1973-இல் ஃபிரென்ஸ் அதைத் துகளின் அளவைக் கட்டுப்படுத்தும் செய்முறையாக ஆக்கினார். 0.01 சதவீதக் குளோரோஆரிக் அமிலக் கரைசல் 50 மில்லியைக் கொதிக்க வைத்து, வேகமாகக் கலக்கிக்கொண்டே 1 சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். 1 மில்லி ஊற்றினால் சுமார் 16 நானோமீட்டர், அரை மில்லி ஊற்றினால் சுமார் 41, 0.3 மில்லி என்றால் 70-ஐத் தாண்டும். ஊற்றி அரை நிமிடத்துக்குள் கரைசல் மங்கலான நீலமாகும்; ஒரு நிமிடம் கடந்ததும் சட்டென்று சிவக்கும். மேலும் 5 நிமிடம் கொதித்தால் போதும்.

இதில் சிட்ரேட்டுக்கு மூன்று வேலை. தங்கத்தை ஒடுக்குகிறது. பிஎச்சை உயர்த்தித் தாங்கல் கரைசலாக இருக்கிறது. உருவான துகளின் மேல் தன் கார்பாக்சிலேட் கைகளால் ஒட்டி எதிர்மின் சுமையைக் கொடுத்து, துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் காக்கிறது. சிட்ரேட் குறைந்தால் தொடக்கக் கருக்கள் குறைவு. அதே தங்கம் குறைவான கருக்களின் மேல் படிவதால் துகள் பருக்கும்.

கெட்டுப்போகும் இடங்கள் இங்கே நிறைய. குளோரோஆரிக் அமிலம் காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சி, எடை போடும்போதே கசியும். ஆகவே 1 கிராம் குப்பியைத் திறந்தால் முழுவதையும் 100 மில்லி நீரில் கரைத்துவிடுவதே சரி. ஏறக்குறைய 25 மில்லிமோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். அதில் அரை மில்லியை 49.5 மில்லி நீரில் சேர்த்தால் மேலே சொன்ன அடர்வு வந்துவிடும். எஃகுக் கரண்டியால் தொடவே கூடாது. அமிலம் இரும்பை அரிக்கும், தங்கம் கரண்டியின் மேலேயே படியும், கரைசலில் இரும்பு அயனி கலக்கும். சிட்ரேட் கரைசலை அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். பழைய சிட்ரேட்டில் பூஞ்சை வளரும். மூடாமல் கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி அடர்வு ஏறும். குளிர்விப்பான் பொருத்துவது நல்லது.

கண்ணாடிப் பாத்திரம் எல்லாவற்றையும் விட முக்கியம். முந்தைய சோதனையின் தங்கம் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தால் அதன் மேலேயே புதுத் தங்கம் படியும். சிவப்புக்குப் பதில் ஊதா கலந்த கலங்கல்தான் வரும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம் கலந்த இராஜ திராவகத்தால் கழுவி, பிறகு தூய நீரால் பல முறை அலச வேண்டும். இராஜ திராவகத்தைப் புகைக்கூண்டுக்குள் அவ்வப்போது தேவையான அளவே கலக்க வேண்டும். மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான் தங்கிய பாத்திரத்தில் ஊற்றவும் கூடாது. தங்கக் கழிவோடு அம்மோனியா சேர்ந்தால் உருவாகும் வீழ்படிவு காய்ந்ததும் லேசான உராய்விலேயே வெடிக்கும்; இரண்டின் கழிவுப் பாட்டில்களும் தனித்தனியாகவே இருக்க வேண்டும்.

சரி, நல்ல சிவப்பு வந்துவிட்டது. ஒளி உறிஞ்சலின் உச்சி 520 நானோமீட்டரை ஒட்டி இருக்கிறது. இந்த 50 மில்லியில் எவ்வளவு பரப்பு இருக்கிறது? லிட்டருக்கு 0.25 மில்லிமோல் தங்கம், 16 நானோமீட்டர் விட்டம் என்று கணக்கிட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 1 சதுர மீட்டர் வரும். 50 மில்லியில் சுமார் 480 சதுர சென்டிமீட்டர்; ஏ4 தாளின் முக்கால் பங்கு. குவெட்டில் விட்ட 0.1 மில்லியில் 1 சதுர சென்டிமீட்டர். கட்டைவிரல் நகத்தின் அளவு.

இந்த நக அளவுப் பரப்பை முழுவதும் மூட எவ்வளவு தயால் போதும்? தட்டையான தங்க முகத்தில் ஒரு தயால் மூலக்கூறு 0.214 சதுர நானோமீட்டர் இடம் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் முக்கால் நானோமோல். மெர்கேப்டோபுரோப்பியோனிக் அமிலமாக இருந்தால் 0.1 மைக்ரோகிராமுக்கும் குறைவு. குவெட்டின் 3 மில்லியில் அது 0.25 மைக்ரோமோலார் அடர்வுதான். ரப்பர் கையுறையிலிருந்தோ ரப்பர் மூடியிலிருந்தோ கசியும் கந்தகச் சேர்மம் ஒரு நல்ல வினையூக்கியைக் கொன்றுவிடக் கூடும் என்று சொல்வது மிகை இல்லை. இந்தக் கணக்கை ஒரு முறை தன் கையால் போட்டுப் பார்த்தவர் மூடிகளை மாற்றிவிடுவார்.

துகளின் தோலாக ஒட்டும் இந்த மூடுபொருள்கள் எல்லாம் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. சிட்ரேட் தளர்வாகப் பிடிக்கும். போரோஹைட்ரைடு வந்ததும் பெருமளவு இடம் விட்டுவிடும். தளர்வு என்பதே அதன் பலவீனமும்: கொஞ்சம் உப்பைச் சேர்த்தால் மின் விலக்கம் மறைந்து துகள்கள் ஒட்டி, சிவப்பு நீலமாகும். பிவிபி என்ற பாலிவைனைல் பிரோலிடோன் நீண்ட சங்கிலி. அதன் கார்போனைல் ஆக்ஸிஜன்கள் ஒவ்வொன்றும் மெல்லப் பிடித்தாலும் நூற்றுக்கணக்கான பிடிகள் சேர்ந்து விடாது. ஆனால் சங்கிலியின் வளைவுகளுக்கு இடையே சந்து இருக்கும். சிறிய மூலக்கூறு உள்ளே புகலாம். தயாலில் கந்தகத்துக்கும் தங்கத்துக்கும் இடையே உண்மையான வலுவான பிணைப்பு. 1994-இல் வந்த புரூஸ்ட்-ஷிஃப்ரின் முறையில் 1 முதல் 3 நானோமீட்டர் துகள்களை உலர்த்திப் பொடியாக்கி மீண்டும் கரைக்க முடிவது அந்தப் பிணைப்பால்தான். அதே காரணத்தால் அவற்றை அப்படியே வினையூக்கியாகப் பயன்படுத்துவது கடினம்.

குச்சி வடிவத் தங்க நானோ துகள்கள் செய்யப் பயன்படும் சிடேப் (செட்டைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு, சோப்பு போன்ற ஒரு பொருள்) தனி ரகம். இரட்டை அடுக்காகத் துகளை மூடும். அடியில் புரோமைடு அயனி தங்கத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கும். ஏசி அறையின் குளிரில் கரைசலிலிருந்து வெள்ளை ஊசிகளாகப் படியும்; வெதுவெதுப்பாக்கிக் கரைத்த பின்பே பயன்படுத்த வேண்டும். சில தயாரிப்புகளில் அயோடைடு மாசு நுண்ணிய அளவில் இருந்து, குச்சி வளர வேண்டிய இடத்தில் வெறும் உருண்டைகள் வந்ததும் பதிவாகியிருக்கிறது. அயோடைடு தங்கத்தின் மேல் புரோமைடை விட வலுவாக ஒட்டுவதால் படிகத்தின் வளர்ச்சியே திசை மாறிவிடுகிறது. ஒரே பெயர் ஒட்டிய இரண்டு பாட்டில்கள் ஒரே பொருள் அல்ல என்பதற்கு இதை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்போது குவெட்டுக்குத் திரும்புவோம். நைட்ரோபீனால் ஒடுக்கம் இன்று நானோ வினையூக்கிகளின் பொதுச் சோதனையாகிவிட்டது. அதைப் பரவலாக்கியதில் காரக்பூர் ஐஐடியில் தாராசங்கர் பால் குழு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த பணிக்குப் பெரிய பங்கு உண்டு. அளவுகள் எளிமையானவை. 1 மில்லிமோலார் நைட்ரோபீனால் 0.3 மில்லி, நீர் 2.3 மில்லி, புதிதாகக் கரைத்த 0.1 மோலார் போரோஹைட்ரைடு 0.3 மில்லி, கடைசியாகக் கூழ்மம் 0.1 மில்லி. போரோஹைட்ரைடு நூறு மடங்கு மிகையாக இருப்பதால் அதன் அடர்வு மாறாததாகவே எடுத்துக்கொள்ளலாம். காரத்தன்மையில் நைட்ரோபீனால் அயனியாகி 400 நானோமீட்டரில் வலுவாக ஒளியை உறிஞ்சும். தொடக்க அளவு 1.8-ஐ ஒட்டி இருக்கும். அது குறைவதன் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு. சாய்விலிருந்து வேக மாறிலி.

எளிமையாகத் தெரிவதால்தான் தவறும் எளிது. போரோஹைட்ரைடு நீரில் தானாகவே சிதையும். அறை வெப்பநிலையில் பிஎச் 10-இல் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும். பிஎச் 8-ஐ ஒட்டிய கரைசலில் ஒரே நிமிடத்தில். 38 மில்லிகிராமை 10 மில்லி ஐஸ் நீரில் கரைத்து உடனே பயன்படுத்த வேண்டும். காலையில் கரைத்ததை மாலையில் எடுத்துவிட்டு "வினையூக்கி செயலிழந்தது" என்று எழுதினால் செயலிழந்தது வினையூக்கி அல்ல. சிதைவில் வரும் ஹைட்ரஜன் குமிழ்கள் குவெட்டின் சுவரில் ஒட்டி ஒளிக்கற்றையை மறிக்கும். வரைபடம் பல்பல்லாகத் தெரியும். லேசாகத் தட்டிவிட வேண்டும்.

தங்கமும் 400 நானோமீட்டரில் உறிஞ்சும். நம் 0.1 மில்லி கூழ்மத்துக்கு அது 0.02. தொடக்கத்தின் 1.8 முன் இது ஒன்றுமில்லை. ஆனால் 98 சதவீத வினை முடிந்ததும் மீதி நைட்ரோபீனாலின் பங்கு 0.036 மட்டுமே, அப்போது தங்கத்தின் 0.02 பெரிய தொகை. அதைக் கழிக்காமல் மடக்கை எடுத்தால் கோட்டின் வால் வளையும். வளைந்த வாலைப் பார்த்து விளைபொருள் பரப்பை அடைக்கிறது என்று விளக்கம் எழுதியவர்கள் முதலில் இந்தக் கழித்தலைச் செய்தார்களா என்று பார்ப்பது நல்லது. விளைபொருளும் உண்மையில் பரப்பில் ஒட்டக்கூடியதுதான், அதனால்தான் குழப்பம்.

இதை விடச் சுவையான சிக்கல் தூண்டல் காலம். கூழ்மத்தை விட்டவுடன் வினை தொடங்காமல் சில விநாடிகளோ நிமிடங்களோ மஞ்சள் அப்படியே நிற்கும், பிறகு சரியும். ஜெர்மனியில் பல்லாவ்ஃப் குழு இந்த வினையின் இயக்கவியலை நுணுக்கமாக ஆராய்ந்தது. நைட்ரோபீனாலும் போரோஹைட்ரைடிலிருந்து வரும் ஹைட்ரஜனும் இரண்டுமே பரப்பில் ஒட்டிய பின்புதான் வினை நடக்கிறது என்று காட்டியது. நைட்ரோபீனாலை மிகையாக்கினால் அதுவே எல்லா இடத்தையும் பிடித்து வேகத்தைக் குறைக்கும் என்பதும் அதிலிருந்து விளங்கியது. தூண்டல் காலத்துக்கு, பரப்பின் அணுக்கள் இடம் மாறித் தம்மைச் சீரமைத்துக்கொள்வதை அவர்கள் காரணமாகக் கூறினார்கள். 2016-இல் நெரெட்டினா குழு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது: நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 0.26 மில்லிமோலார் ஆக்ஸிஜன் இருக்கிறது. நம் நைட்ரோபீனாலோ 0.1 மில்லிமோலார். ஒடுக்கியை முதலில் தின்பது ஆக்ஸிஜன்தான்; அந்த ஆக்ஸிஜன் தீர்ந்த பிறகே மஞ்சள் குறைவது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டும் ஒன்றை ஒன்று விலக்கும் விளக்கங்கள் அல்ல. மூடுபொருள் கழலும் நேரமும் இதே காலத்துக்குள் ஒளிந்திருக்கும். மிகையான போரோஹைட்ரைடு தயாலைக்கூட மெல்ல மெல்லக் கழற்றும். தொடக்கத்தில் சொன்ன தயால் கூழ்மம் நெடுநேரம் கழித்து வேலையைத் தொடங்குவது அதனால்தான். ஆகவே நைட்ரஜனையோ ஆர்கானையோ அரை மணி நேரம் குமிழிடாமல் தூண்டல் காலத்தை அளந்து, அதிலிருந்து பரப்பைப் பற்றி முடிவு சொல்வதில் பயனில்லை. அதே போல வேக மாறிலியை உலோகத்தின் கிராமுக்கு மட்டும் வகுத்துச் சொல்வதும் போதாது. எத்தனை சதுர மீட்டர் பரப்புக்கு என்று வகுத்தால்தான் இரண்டு வினையூக்கிகளை ஒப்பிட முடியும்.

குவெட்டை விட்டுத் தொழிற்கூடத்தின் பக்கம் வந்தால் துகள் கரைசலில் மிதப்பதில்லை. ஆக்ஸைடுப் பொடியின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒசாகாவில் மசடாகே ஹருட்டா குழு 1987-இல், ஆக்ஸைடின் மேல் பதிந்த நுண்ணிய தங்கம் மைனஸ் 70 டிகிரியில்கூடக் கார்பன் மோனாக்சைடை எரிக்கும் என்று அறிவித்தபோது பலருக்கு அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை. காரணம் குளோரைடு. தங்க உப்புக் கரைசலில் பொடியை நனைத்து அப்படியே உலர்த்தினால் குளோரைடு அங்கேயே தங்கும். சூடேற்றும்போது அது தங்க அணுக்களை நகர்த்திப் பெரிய துகள்களாகத் திரட்டும். மிஞ்சியது பரப்பில் ஒட்டி இடத்தை அடைக்கும்.

வீழ்படிவு முறையில் சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச்சை 8-ஐ ஒட்டி உயர்த்துவார்கள். தங்கத்தைச் சுற்றியுள்ள குளோரைடுகள் ஒவ்வொன்றாக ஹைட்ராக்சைடுக்கு இடம் கொடுக்கும். டைட்டானியா (டைட்டானியம் டைஆக்ஸைடு) பொடியைச் சேர்த்து 70 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கி, வெந்நீரால் திரும்பத் திரும்ப அலசி, உலர்த்தி, 300 டிகிரியில் சுடுவார்கள். அலசிய நீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டால் பால் போலக் கலங்கக் கூடாது. கலங்கும்வரை அலசல் முடியவில்லை. சிலிக்காவில் இந்த முறை பலிப்பதில்லை. அந்த பிஎச்சில் சிலிக்காவின் பரப்பு வலுவான எதிர்மின் சுமையோடு இருக்கும், தங்கமும் எதிர்மின் அயனியாகவே இருக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும்.

முன்பே செய்த துகளைப் பொடியின் மேல் ஏற்றினால் அளவு கையில் இருக்கும். ஆனால் மூடுபொருளும் கூடவே வரும். பொதுவாகச் செய்வது சுட்டு எரிப்பது. இங்கேதான் ஒரு கையில் கொடுத்ததை மறு கை பறிக்கிறது. உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து அதில் பாதியை அடைந்தால் அணுக்கள் தாராளமாக நகரத் தொடங்கும் என்பது பழைய விதி. தங்கத்துக்கு அது சுமார் 395 டிகிரி செல்சியஸ். பிளாட்டினத்துக்கு 750-ஐ ஒட்டி. நானோ துகளுக்கு இதற்கும் கீழேயே நகர்வு தொடங்கிவிடும். மூடுபொருளை எரிக்க 300 டிகிரி ஏற்றினால் 3 நானோமீட்டர் துகள்கள் திரண்டு பருத்துவிடக் கூடும். பரப்பு சுத்தமாகும், ஆனால் பரப்பே குறைந்துவிடும்.

கார்டிஃபில் ஹட்சிங்ஸ் குழு 2011-இல் வெளியிட்ட வழி இதனால்தான் மிகவும் பிடித்தமானது. பிவிஏ என்ற பாலிவைனைல் ஆல்கஹாலால் மூடிய தங்கத்தை டைட்டானியாவின் மேல் ஏற்றிய பிறகு, சுடுவதற்குப் பதில் 90 டிகிரி நீரில் ஓரிரு மணி நேரம் வைத்தார்கள். பிவிஏ நீரில் கரையும் பொருள்தானே! அதில் ஒரு பகுதி கழன்று போனது; துகளின் அளவு பெரிதாக மாறவில்லை; கார்பன் மோனாக்சைடு எரிப்பு வேகம் கூடியது. தயாலுக்கு இது பலிக்காது. எந்த மூடுபொருளைக் கடைசியில் எப்படிக் கழற்றப்போகிறோம் என்பதை, எதை வைத்துத் துகளைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

தாங்கும் பொடியே தோலாக மாறுவதும் உண்டு. 1978-இல் எக்ஸான் ஆய்வகத்தில் டாஸ்டரும் சக ஆய்வாளர்களும் டைட்டானியாவின் மேல் உள்ள பிளாட்டினக் குடும்ப உலோகங்களை ஹைட்ரஜனில் சூடேற்றினார்கள். 200 டிகிரியில் ஒடுக்கியபோது அவை வழக்கம் போல ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பரப்பில் கவர்ந்தன. 500 டிகிரியில் ஒடுக்கியதும் கவர்தல் ஏறக்குறைய நின்றே போனது. துகள் பருக்கவில்லை. டைட்டானியா சற்று ஆக்ஸிஜனை இழந்து மெல்லிய படலமாக உலோகத்தின் மேல் ஏறிவிட்டது என்று பின்னால் விளங்கியது. ஆக்ஸிஜனில் சூடேற்றி, மீண்டும் தாழ்ந்த வெப்பநிலையில் ஒடுக்கினால் படலம் விலகிப் பழைய நிலை திரும்பும்.

பரப்பை அடைப்பது எப்போதும் கெடுதல் என்று எண்ணக் கூடாது. லிண்ட்லர் வினையூக்கியில் கால்சியம் கார்பனேட்டின் மேல் உள்ள பல்லேடியத்தை வேண்டுமென்றே ஈயத்தால் பாதி நஞ்சாக்கி, அதாவது பரப்பின் ஒரு பகுதியை அடைத்து முடக்கி, குயினோலினையும் சேர்ப்பார்கள். முப்பிணைப்பு இரட்டைப் பிணைப்பாகும் இடத்தில் வினை நின்றுவிடும். வைட்டமின் தயாரிப்பில் இதற்குப் பெரிய இடம் உண்டு. உலோகத்தின் மேல் கந்தகம் ஒட்டும் அதே ஆசையைச் சென்னை ஐஐடியில் தலப்பில் பிரதீப் குழு குடிநீரின் பக்கம் திருப்பியது. எண்டோசல்ஃபான், குளோர்பைரிஃபாஸ் போன்ற கந்தகம் கொண்ட பூச்சிக்கொல்லிகளைத் தங்க, வெள்ளி நானோ துகள்கள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் காட்டினார்கள். அதிலிருந்து வீட்டு நீர் வடிகட்டியும் வந்தது.

நஞ்சை அளவுகோலாகவும் பயன்படுத்தலாம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃபின்கே குழு செம்மைப்படுத்திய முறை இது. ஒரே வினையூக்கியின் பல மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் கார்பன் டைசல்ஃபைடைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சேர்த்து வினை வேகத்தை அளக்க வேண்டும். வேகத்தை, உலோக அணு ஒன்றுக்கு எத்தனை நஞ்சு மூலக்கூறு என்பதற்கு எதிராக வரைந்தால் கோடு இறங்கும். அதை நீட்டினால் வேகம் பூஜ்யமாகும் புள்ளி கிடைக்கும். மொத்த உலோக அணுக்களில் சிறு பங்கு நஞ்சே வினையை நிறுத்திவிட்டால் வேலை செய்வது துகளின் பரப்பு. அணு ஒன்றுக்கு ஒரு மூலக்கூறு அளவுக்காவது நஞ்சு தேவைப்பட்டால், கரைசலில் தனித்தனியாகக் கரைந்திருக்கும் உலோகச் சேர்மம் வினையை நடத்துகிறதா என்று தேட வேண்டியிருக்கும். ஒரு நஞ்சு மூலக்கூறு ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்களை மூடக்கூடும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்பநிலை 50 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கார்பன் டைசல்ஃபைடு பரப்பிலிருந்து கழலத் தொடங்கும், எண்ணிக்கை பிசகும்.